தாகூரின் மௌனமும் அவர்தம் பாடல்களின் பொருளும்

பாட்டொன்றைக் கேட்போர் அப்பாட்டின் பின்னே நிற்கும் மனிதரையும் அறிய விழைதல் இயல்பாகும். ‘நான்’ என்று பாட்டிற் பேசுபவர் யார், ‘நீ’ என்று விளிக்கப்படுபவர் யார் என்னும் வினாக்கள் கேட்போர் உள்ளத்தில் எழாதிருப்பதில்லை. பாடலாசிரியர் தம் வாழ்க்கையைத் தாமே விரித்துரைப்பவராயின் இவ்வினாக்களுக்கு ஓரளவு விடை கிடைத்துவிடுகின்றது. அவர் தம் அகவாழ்வைக் காத்து வைப்பவராயின் நிலைமை வேறாகின்றது. அவர் சொல்லாது விட்ட இடத்தைக் கேட்போர் தத்தம் கருத்துக்களாலும் கதைகளாலும் நிரப்பத் தலைப்படுகின்றனர். காலப்போக்கில் அக்கதைகளே பாட்டின் பொருளாகவும் நிலைபெற்று விடுகின்றன.

இந்நிகழ்வைத் தெளிவாக எடுத்துக்காட்டுவது இரவீந்திரநாத தாகூரின் (1861–1941) பாடல்களின் வரலாறு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றி, அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குத் தாமே இசையும் அமைத்தவர் அவர். அவரைப் பேசாதவர் என எவரும் கூறார். வங்கப் பிரிவினைக்கு எதிராக 1905 இல் வீதியில் இறங்கியவர். ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் கண்டித்து 1919 இல் ‘சேர்’ பட்டத்தைத் துறந்தவர். உலகின் பல நாடுகளிற் சொற்பொழிவாற்றியவர். ஆயிரக்கணக்கிற் கடிதங்கள் எழுதியவர். பொதுவிடயங்களில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய அவர், தம் பாடல்கள் எந்த வாழ்வனுபவத்திலிருந்து, யாரை எண்ணிப் பிறந்தன என்னும் வினாவுக்கு மட்டும் விடை கூறுவதைப் பெரும்பாலும் தவிர்த்தார். இத்தவிர்ப்பு வெறும் கூச்சமன்று என்பதும், அது திட்டமிட்டுப் பேணப்பட்ட ஓர் இலக்கியக் கொள்கை என்பதும், அக்கொள்கை அவர் விரும்பிய விளைவுகளோடு விரும்பாத விளைவுகளையும் தோற்றுவித்தது என்பதும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டப்படும்.

பொய்ப்பெயரும் முகமூடியும்

தாகூர் பிறந்த கல்கத்தா ஜோராசங்கோ இல்லம் ஒரு குடும்பத்தின் உறைவிடமாக மட்டும் இருக்கவில்லை. தந்தையார் தேவேந்திரநாதர் பிரம சமாசத்தின் தலைவர். சமாசத்தின் ஆண்டு விழாவாகிய மாகோத்சவத்துக்கு ஒவ்வோராண்டும் புதிய துதிப் பாடல்கள் வேண்டப்பட்டன; அவற்றை ஆக்கும் பணி குடும்பத்தின் இளைஞரையும் சார்ந்தது. எனவே தாகூர் தொடக்கத்திலேயே தமக்காகவன்றி ஒரு சபைக்காகப் பாடல் இயற்றப் பழகினார். சபை வழிபாட்டிற் பாடப்படும் ‘நான்’ தனியொருவரைக் குறிப்பதன்று. பாடும் எவருக்கும் உரியது.

இதனோடு வைணவப் பதாவளி மரபும் சேர்ந்தது. அம்மரபிற் கவிஞர் தம் காதலைத் தம் காதலாகப் பாடுவதில்லை. இராதையின் குரலிலோ தோழியின் குரலிலோ பாடி, இறுதியில் தம் முத்திரைப் பெயரை வைத்து விலகிக்கொள்வார். தாகூர் தம் பதினாறாவது வயதில், 1877 இல், இம்மரபைப் பின்பற்றிப் பாடல்கள் எழுதி, அவற்றைப் ‘பானுசிம்மன்’ என்ற பெயரில் ‘பாரதி’ இதழில் வெளியிட்டார். பிரம சமாசத்து நூலகத்திற் கிடைத்த பழைய ஏட்டிலிருந்து எடுத்தவை என நண்பர் ஒருவருக்கு அவற்றைக் காட்டி நம்பவைத்ததை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். இரவி, பானு என்னும் இரு சொற்களும் ஞாயிற்றையே குறிப்பன. தம் பெயரையே வேறு பெயராக மாற்றி அதன் பின்னே அவர் ஒளிந்து கொண்டார்.

இம்முகமூடியின் கதை அத்துடன் முடியவில்லை. 1884 இல் தாகூர் பானுசிம்மனின் ‘வாழ்க்கை வரலாறு’ ஒன்றை அங்கதமாக எழுதி வெளியிட்டார். கவிஞனின் காலத்தையும் ஊரையும் குலத்தையும் பற்றி ஆராய்ச்சியாளர் நிகழ்த்தும் வாதங்களை அது எள்ளி நகையாடியது. இல்லாத ஒரு கவிஞனுக்குச் சான்றுகளைக் கொண்டு எத்தனை வரலாறுகளும் எழுதலாம் என்பது அதன் உட்பொருள். தம் வரலாற்றை எழுத எவரும் முன்வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் வரலாறு எழுதுவோரை இவ்வாறு நகைத்தமை குறிப்பிடத்தக்கது.

பெயர் சுட்டப்படாத ஒருத்தி

அந்த 1884 ஆம் ஆண்டே தாகூரின் வாழ்விற் பெருந்துயரம் நிகழ்ந்த ஆண்டுமாகும். தமையனார் ஜோதிரிந்திரநாதரின் மனைவி காதம்பரி தேவி, 1868 இல், சிறுமியாக அவ்வில்லத்துக்கு வந்தவர். தாகூரிலும் ஏறத்தாழ இரண்டு வயது மூத்தவர். இளங்கவிஞரின் முதல் வாசகராகவும் கண்டிப்பான விமர்சகராகவும் விளங்கியவர் அவரே. 1883 டிசெம்பரில் தாகூரின் திருமணம் நிகழ்ந்தது. நான்கு மாதங்களின் பின், 1884 ஏப்பிரலில், காதம்பரி தேவி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அச்செய்தி வெளிவராது குடும்பம் காத்தது. காரணத்தை உறுதியாகக் காட்டும் ஆவணம் எதுவும் எஞ்சவில்லை.

தாகூரின் தொடக்கக்கால நூல்களின் அர்ப்பணங்கள் இந்நிலையிற் சிறப்பாக நோக்கத்தக்கன. 1881 இல் வெளிவந்த ‘பக்னஹிருதய’ என்னும் நூல் ‘ஸ்ரீமதி ஹே’ என ஒரு பெயரின் முதலெழுத்தளவில் நின்றுவிடும் ஒருவருக்குப் படைக்கப்பட்டது. 1884 இல் பானுசிம்மனின் பாடல்கள் நூலுருப் பெற்றபோது, அவற்றை அச்சிடும்படி பலமுறை வேண்டிய ஒருவர் இன்று அவற்றைக் காண இல்லை என்னும் கருத்துப்பட ஒரு குறிப்பு முன்னே வைக்கப்பட்டது. அங்கும் பெயர் இல்லை. அறிந்தோர் அறிவர், அறியாதோருக்கு அது பொதுவான ஓர் இழப்பின் குரலாகவே ஒலிக்கும்.

‘பக்னஹிருதய’ நூலின் அர்ப்பணத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1880 இல் ‘பாரதி’ இதழில் அந்நூல் வெளிவரத் தொடங்கியபோது காணிக்கையாக அமைந்தது ஒரு பாடல். ஒருவரைத் தன் வாழ்வுக் கடலின் துருவ விண்மீனாகக் கொண்ட உள்ளம் அதிற் பேசுகின்றது. அதே பாடல் சில மாதங்களின் பின் மாகோத்சவத்தில் பிரமசங்கீதமாக, இறைவனை நோக்கிய துதியாகப் பாடப்பட்டது. நூலாக அச்சேறியபோது காணிக்கையாக வேறொரு கவிதை இடம்பெற்றது. பெண்ணொருத்திக்குப் படைக்கப்பட்ட பாடல் இறைவனுக்குரியதாயிற்று. கேட்ட சபையோர் அதில் எவ்வித முரண்பாட்டையும் உணரவில்லை. தாகூரின் பாடல்களுக்குப் பொருள் காண முயல்வோர் எதிர்கொள்ளும் சிக்கல் முழுவதும் இந்த ஒரு பாடலின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது எனலாம். காதலா பக்தியா என்று வினவுவோருக்குப் பாடல் விடை தராது. அது எங்கே, எப்பொழுது, எவர் முன்னிலையிற் பாடப்பட்டது என்பதே அவ்வப்போது விடையாகின்றது.

தாகூர் தம் இளமைக்கால நினைவுகளை 1912 இல் ‘ஜீவன்ஸ்மிருதி’ என்னும் நூலாக வெளியிட்டார். நினைவு என்பது வரலாறன்று, உள்ளத்திலிருந்து ஓவியன் ஒருவன் தன் விருப்பப்படி தீட்டும் சித்திரமே என்னும் விளக்கத்துடன் அந்நூல் தொடங்குகின்றது. இருபத்து நான்கு வயதளவில் தமக்கு ஏற்பட்ட மரண அனுபவத்தை அதன் ஓர் அதிகாரத்தில் அவர் பேசுகிறார். பிறந்தது முதல் உறுதியெனக் கொண்டிருந்த உலகில் திடீரெனத் தோன்றிய வெறுமையையும், அவ்வெறுமையினூடே பிறந்த விசித்திரமான விடுதலையுணர்வையும் உருக்கமாக விவரிக்கிறார். இறந்தவர் யார் என்பது மட்டும் அங்கே கூறப்படவில்லை.

இவ்விடத்தில் இருவகை மௌனங்களை வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும். ஒன்று, துயரத்தைப் பொதுப்பொருளாக்க மறுக்கும் கவிஞரின் மௌனம். மற்றையது, நற்பெயர் கெடாதிருக்க ஒரு பெண்ணின் மரணத்தை ஏட்டிலிருந்து நீக்கிய குடும்பத்தின் மௌனம். முன்னையது பாடல்களுக்கு விரிவைத் தந்தது. பின்னையது காதம்பரி தேவியிடமிருந்து அவர்தம் சொந்த வரலாற்றைப் பறித்தது. அவர் எண்ணியது யாது, வேண்டியது யாது என்பதை இன்று அவர் சொற்களால் அறிய வழியில்லை. பிற்கால எழுத்தாளர்கள் அவரைத் தாகூரின் பாடல்களிலிருந்தே உருவாக்க முற்பட்டமைக்கு இவ்வெறுமையே காரணமாகும். அதன் விளைவாக அவர் பாடல்களுக்கு உரையெழுத உதவும் ஒரு குறிப்பாகச் சுருங்கிவிட்டமை வருந்தத்தக்கது.

கொள்கையாகிய மௌனம்

தாகூரின் மறைப்புணர்வு முதிர்ந்த வயதில் ஒரு கோட்பாடாக வடிவம் பெற்றது. ஆங்கிலக் கவிஞர் டெனிசனின் வாழ்க்கை வரலாற்றை அவர்தம் மைந்தர் 1897 இல் வெளியிட்டிருந்தார். அதனைப் படித்த தாகூர் 1901 இற் கவிஞர் வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவ்வரலாறு டெனிசன் என்னும் மனிதரைக் காட்டுகின்றதேயன்றிக் கவிஞரைக் காட்டவில்லை என்பது அவர் கருத்து. வான்மீகியைப் பற்றி வழங்கும் கதையை எவரும் வரலாறாகக் கொள்ளமாட்டார். ஆயினும் அக்காவியத்தைப் படித்த மக்களின் உள்ளத்திற் பிறந்த அக்கதையே கவிஞரின் மெய்யான வரலாறு என அவர் வாதிட்டார்.

இவ்வாதம் இருபுறமும் கூருடையது என்பதைத் தாகூர் அப்பொழுது எண்ணினாரோ என்பது ஐயத்துக்குரியது. பாட்டிலிருந்து மக்கள் படைத்துக்கொள்ளும் கதையே கவிஞரின் உண்மை வரலாறாயின், தாகூரின் பாடல்களிலிருந்து மக்கள் படைத்துக்கொண்ட கதைகளையும் அவர் மறுப்பதற்கில்லை. அத்தகைய கதைகள் பின்னர்ப் பெருகியமையை மேலே காணலாம்.

1904 இல் வங்காள எழுத்தாளர்களைப் பற்றிய தொகுப்பு நூலொன்றுக்குத் தன்வரலாறு எழுதித் தருமாறு தாகூர் கேட்கப்பட்டார். அவர் எழுதிய கட்டுரையில் வாழ்க்கை நிகழ்ச்சிகள் விலக்கப்பட்டிருந்தன. தம் கவிதைகளினூடே தம்மை நடத்திச் செல்லும் ஓர் ஆற்றலை மட்டுமே, ‘ஜீவன்தேவதா’ என்ற பெயரால், அவர் விளக்கினார். நாடகாசிரியரும் பாடலாசிரியருமான திவிஜேந்திரலால் ராய் இதனைத் தற்பெருமை எனக் கண்டித்தார். அடக்கத்தினாற் சொல்லாது விட்டதாகத் தாகூர் கருதியது, பிறருக்கு அடக்கமின்மையாகத் தோன்றிற்று. காப்புணர்வு மிக்க ஆளுமை எதிர்நோக்கும் இடர்களுள் இதுவும் ஒன்றாகும்: விளக்கம் கூறினாலும் குற்றம், கூறாவிடினும் குற்றம்.

கடிதங்களையும் இக்கொள்கை விட்டு வைக்கவில்லை. பத்மா நதிக்கரைப் பிரதேசங்களிற் குடும்ப நிலங்களை மேற்பார்வை செய்த காலத்தில், அண்ணன் மகள் இந்திரா தேவிக்குத் தாகூர் எழுதிய கடிதங்கள் புகழ் வாய்ந்தவை. இந்திரா தேவி அவற்றை ஏடுகளிற் படியெடுத்து வைத்திருந்தார். 1912 இல் அவற்றை வெளியிட்டபோது தாகூர் சொந்த விடயங்களை வெட்டி நீக்கினார். நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘சின்னபத்ர’. வங்காளத்தில் அச்சொல் கிழிக்கப்பட்ட கடிதம் எனப் பொருள்படும். கிழித்தவர் தாமே என்பதை அவர் மறைக்கவில்லை. விரிவான பதிப்பு 1960 இலேயே, அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகளின் பின், வெளிவந்தது.

வாழ்க்கையைத் தேடியோர்

கவிஞர் கதவை அடைத்தமையால் வாசகர் சாளரம் தேடினர். இவ்வகைத் தேடலுக்கு இரண்டு பாடல்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

நிலவு பொழியும் இரவில் யாவரும் வனத்துக்குச் சென்றிருக்க, ஒருவர் மட்டும் வீட்டைத் துப்புரவு செய்து, வரக்கூடிய யாரோ ஒருவருக்காக விழித்திருக்கும் பாடல் வங்காளத்திற் பெரிதும் அறியப்பட்டது. தாகூரின் இளைய மைந்தர் சமீந்திரநாதர் 1907 நவெம்பரில், பதினொரு வயது நிறையுமுன், மொங்கீரில் வாந்திபேதியால் இறந்தார். அம்மரணத்தை அடுத்த இரவில் அப்பாடல் பிறந்தது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் பாடலின் திகதி வேறொன்றைக் கூறுகின்றது. அது 1914 ஏப்பிரலில், மைந்தரின் மறைவுக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேலாகிய பின் இயற்றப்பட்டு, அவ்வாண்டிலேயே ‘கீதிமால்ய’ தொகுதியில் இடம்பெற்றது.

அவ்வாறாயின் இந்நம்பிக்கை எங்ஙனம் தோன்றிற்று? 1932 இல் தாகூரின் மகள் மீரா தேவி தம் ஒரே மைந்தனை இழந்தார். அவரைத் தேற்ற எழுதிய கடிதத்தில், சமீந்திரன் மறைந்த மறுநாளிரவு புகையிரதத்தில் வரும்போது வானம் நிலவில் மிதந்ததையும், உலகில் எதுவும் குறைந்துபோனதற்கான அடையாளம் எங்குமில்லாதிருந்ததையும் தாகூர் நினைவுகூர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் பேசாதிருந்த ஒன்றை, மற்றொருவர் துயரை ஆற்றும் பொருட்டே அவர் பேசினார். வாசகர் கடிதத்து நிலவையும் பாட்டின் நிலவையும் ஒன்றாக இணைத்துக் கொண்டனர். இவ்விணைப்பு வரலாற்றுப் பிழையே. ஆயினும் அது அறிவின்மையால் விளைந்த பிழையன்று. பேசாத தந்தையொருவரின் துயரத்தை எங்கேனும் கேட்டுவிட வேண்டும் என்ற அன்பின் விளைவாகும். இதற்குமேல், மைந்தரின் நினைவு 1914 இல் அப்பாட்டினுள் புகவில்லை என்று கூறவும் எவருக்கும் சான்றில்லை. திகதி மறுப்பது கதையை மட்டுமே, உணர்வை அன்று.

இரண்டாவது, கடல் கடந்த நாட்டுப் பெண்ணொருத்தியை நோக்கி உன்னை அறிவேன் என்று கூறும் பாடல். 1924 இல் ஆர்ஜென்டீனாவில் நோயுற்றிருந்த தாகூரை எழுத்தாளர் விக்டோரியா ஒக்காம்போ உபசரித்தார். தாகூர் அவருக்கு ‘விஜயா’ எனப் பெயரிட்டு, அடுத்த ஆண்டு வெளிவந்த ‘பூரவி’ தொகுதியை அப்பெயருக்கே படைத்தார். இங்கும் பெயர் வெளிப்பட்டதுபோற் காட்டி மறைக்கப்பட்டமை நோக்கற்பாலது. வங்காள வாசகர் பலருக்கு விஜயா யாரென்பது தெரியாது. பாடலில் வரும் அயல்நாட்டுப் பெண் ஒக்காம்போவே என்று பின்னர்ப் பலர் கருதலாயினர். ஆனால் அப்பாடல் 1895 இல் சிலைதகத்தில் இயற்றப்பட்டது. அது பிறந்த விதத்தையும் தாகூரே ‘ஜீவன்ஸ்மிருதி’யில் விளக்கியுள்ளார். சிறுவயதிற் கேட்ட பழைய பாடலொன்றின் ஓரடி உள்ளத்தில் தங்கி நின்றதென்றும், அதன் தூண்டுதலாற் பாடிய தம் பாடலில் இசையே அப்பெண்ணை உலகின் இரகசியங்களுக்கு அப்பாலுள்ள ஒருத்தியாக மாற்றிற்றென்றும் அவர் கூறுகிறார். இவ்விளக்கம் ஒக்காம்போவைச் சந்திப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அச்சேறியது.

எனினும் தாகூர் 1924 இல் அப்பாடலை ஆங்கிலத்தில் ஆக்கி ஒக்காம்போவிடம் கொடுத்தார் என்பதும் உண்மையே. யாருக்குமாகவன்றிப் பாடப்பட்ட பாட்டு இருபத்தொன்பது ஆண்டுகளின் பின் தனக்குரியவரைக் கண்டடைந்தது. பாடல் பிறந்த நாள் ஒன்று; பொருள் சேர்ந்த நாட்கள் பல. வாழ்க்கையைக் கொண்டு பாட்டை விளக்க முனைவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

ஞானியைக் கண்டோர்

வங்காளத்து வாசகர் காதலையும் துயரத்தையும் தேடினரெனின், மேனாட்டு வாசகர் ஞானியைக் கண்டனர். 1912 இல் இலண்டனில் வெளிவந்த ஆங்கிலக் ‘கீதாஞ்சலி’ 103 உரைநடைக் கவிதைகளைக் கொண்டது. அவற்றுள் ஏறத்தாழ அரைவாசியே 1910 இல் வெளிவந்த வங்காளக் ‘கீதாஞ்சலி’யிலிருந்து எடுக்கப்பட்டவை, ஏனையவை வேறு தொகுதிகளைச் சார்ந்தவை. மொழிபெயர்த்தவர் தாகூரே. இசை நீங்கிற்று; சந்தம் நீங்கிற்று. கவிஞர் யேற்சின் முன்னுரையோடு வெளிவந்த அந்நூலுக்கு அடுத்த ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கு மொழியியல்பு சார்ந்த ஒரு காரணமும் உண்டு. வங்காள மொழியின் படர்க்கைப் பெயர் ஆண், பெண் வேறுபாடு காட்டாது; வினைமுற்றும் காட்டாது. அம்மொழியின் எழுத்துக்களிற் பெரியது சிறியது என்ற பாகுபாடு இல்லாமையால், இறைவனைக் குறிக்கும் சொல்லைக் கண்ணுக்குப் புலனாக வேறுபடுத்தவும் இயலாது. இதனால் வங்காளப் பாடலில் வரவிருக்கும் ஒருவர் காதலராகவோ, இறைவனாகவோ, மரணமாகவோ, ஒரே வேளையில் இம்மூன்றுமாகவோ இருத்தல் கூடும். ஆங்கிலத்துக்கு வரும்போது இத்திரை விலகிவிடுகின்றது. தமிழில் ஆக்குவோரும் ‘அவன்’, ‘அவள்’ என்பவற்றுள் ஒன்றைத் தெரிய நேர்வதுண்டு; தெரிந்தவுடன் பொருள்களிற் பாதி நீங்கிவிடும். தாகூரின் மறைப்புக்கு அவர்தம் தாய்மொழியே துணை நின்றது என்பதை மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்போர் உணர்தல் அரிது.

நீண்ட அங்கியும் வெண்தாடியுமாக உலகெங்கும் சென்ற தாகூர், மேனாட்டார் கண்ட இவ்வுருவைத் திருத்தப் பெரிதும் முயன்றாரல்லர். தம் சொந்த வாழ்வைப் பற்றிய வினாக்களுக்கு அவ்வுருவம் ஒரு திரையாகவும் அமைந்தது. ஆனால் அத்திரைக்கு அவர் விலை கொடுத்தார். ஞானியெனக் கொண்டாடிய ஆர்வம் சில ஆண்டுகளிலேயே தணிந்தபோது, அப்பாடல்களை இசையோடு கூடிய கலைப்படைப்புகளாக மதிப்பிடும் வாய்ப்பும் உடன் குன்றிற்று.

அரசியலும் மௌனமும்

மௌனத்தின் விளைவு மிகக் கடுமையாக வெளிப்பட்டது பாரதத்தின் ஊழை நடத்துவோனை வாழ்த்தும் பாடலிலாகும். 1911 டிசெம்பர் 12 இல் டில்லித் தர்பாரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் வங்கப் பிரிவினை நீக்கத்தை அறிவித்தார். அம்மாதம் 27 இற் கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டில் தாகூரின் பாடல் பாடப்பட்டது. அதே நாளில் மன்னரை வரவேற்கும் தீர்மானமும் நிறைவேறிற்று. மன்னரைப் புகழும் இந்திப் பாடலொன்றும் பாடப்பட்டது. மறுநாள் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இவற்றைக் குழப்பி, தாகூர் மன்னரை வரவேற்றுப் பாடியதாகச் செய்தி வெளியிட்டன. அடுத்த மாதம் ‘தத்வபோதினி’ இதழில் அப்பாடல் பிரமசங்கீதம் என்னும் குறிப்புடன் வெளிவந்தது, மாகோத்சவத்திலும் பாடப்பட்டது. ஆனால் தாகூர் பத்திரிகைச் செய்தியை மறுத்து எதுவும் எழுதவில்லை.

நாட்டுப்பாடல் பற்றிய விவாதம் எழுந்த 1937 இலேயே, கேட்ட ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் நிகழ்ந்ததைக் கூறினார். அரசாங்கத் தொடர்புடைய நண்பரொருவர் மன்னரைப் போற்றும் பாடலொன்றை வேண்டியபோது தமக்கு வியப்பும் மனக்கலக்கமும் உண்டாயின என்றும், அதன் எதிர்விளைவாகவே யுகயுகமாகத் தேரோட்டி நடத்தும் விதாதாவைப் பாடியதாகவும், எந்த ஜோர்ஜும் அவ்விதாதா ஆகமுடியாதென்றும் அவர் விளக்கினார். 1939 இல் மற்றொருவருக்கு எழுதியபோது, இத்தகைய ஐயத்துக்கு விடையிறுப்பதே தம்மை இழிவுபடுத்திக்கொள்வதாகும் என்ற கருத்தைத் தெரிவித்தார்.

இடையிற் கழிந்தவை இருபத்தாறு ஆண்டுகள். அகவாழ்வைப் பற்றிய பாடலுக்குப் பொருந்திய மௌனம் பொதுவாழ்வின் பாடலுக்குப் பொருந்தவில்லை. காதற் பாடலில் ‘நீ’ யார் என்பது தெரியாதிருப்பது பாட்டுக்கு வளம் சேர்க்கும். நாட்டுப் பாடலில் விதாதா யார் என்பது தெரியாதிருப்பது ஐயத்துக்கே இடமளிக்கும். அப்பாடல் 1950 ஜனவரி 24 இல் இந்தியாவின் தேசியகீதமாக ஏற்கப்பட்ட பின்னும் அவ்வையம் காலத்துக்குக் காலம் எழுப்பப்பட்டே வந்துள்ளது. தன்மானம் கருதி விடையளிக்க மறுத்தவரின் மௌனத்தை, பிறர் ஒப்புதல் வாக்குமூலமாக்க முற்பட்டனர்.

திகதியை நீக்கியவரும் மீட்டவரும்

தாகூரின் மறைப்புக் கொள்கை இறுதியாகவும் முழுமையாகவும் செயற்பட்டது அவர்தம் பாடற்றொகுப்பாகிய ‘கீதவிதா’னிலாகும். 1931–32 இல் வெளிவந்த முதற்பதிப்பில் பாடல்கள் அவை முன்னர் வெளிவந்த நூல்களின் காலவரிசையில் அமைந்திருந்தன. தாகூருக்கு இது நிறைவளிக்கவில்லை. பின்னைய பதிப்பில் அவர் அவ்வொழுங்கைக் கலைத்து, பூசை, சுதேசம், காதல், இயற்கை முதலிய பொருட்பகுதிகளாகப் பாடல்களை வகுத்தார். பூசைப் பகுதியில் 617 பாடல்களும், காதற் பகுதியில் 395 பாடல்களும், இயற்கைப் பகுதியில் 283 பாடல்களும் அமைந்தன. இசையின் துணையின்றியும் கவிதைகளாகப் படித்துச் செல்ல இவ்வொழுங்கு உதவும் என்பது அவர் கூறிய காரணம்.

அக்காரணம் உண்மையே. ஆயினும் அதன் விளைவு மற்றொன்றுமாகும். இருபது வயதிற் பாடியதும் எழுபது வயதிற் பாடியதும் ஒரே பக்கத்தில் அருகருகே நின்றன. எந்தப் பாட்டு எந்த மரணத்தின் பின், எந்தப் பிரிவின் பின் வந்தது என்பதை நூலைக் கொண்டு அறிய முடியாதாயிற்று. பானுசிம்மனில் தொடங்கிய மறைவு ‘கீதவிதா’னில் நிறைவெய்திற்று. பிறர் எழுதும் வாழ்க்கை வரலாற்றுக்குத் தாகூர் அளித்த இறுதி விடை அதுவே எனலாம்.

ஆய்வாளர் எதிர்த்திசையில் உழைத்தனர். பிரபாதகுமார் முகோபாத்தியாயர் தாகூர் வாழ்ந்த காலத்திலேயே, 1933 இல், ‘இரவீந்திரஜீவனி’யின் முதற்றொகுதியை வெளியிட்டார். அது இரவீந்திரநாதரின் வரலாறன்று, துவாரகநாதரின் பேரனுடைய வரலாறு என்று தாகூர் நகையாகக் கூறினாரென்பர். அதே பிரபாதகுமார் பின்னர்ப் பாடல்களின் காலவரிசை அட்டவணையையும் தொகுத்தார். 1982 முதல் பிரசாந்தகுமார் பால் வெளியிட்ட ‘இரவிஜீவனி’ ஒன்பது தொகுதிகளில், குடும்பக் கணக்கேடுகளையும் கையெழுத்துப் படிகளையும் இதழ்களையும் கொண்டு, ஆண்டாண்டாக வாழ்வை ஆராய்ந்தது. நிலவுப் பாடலைப் பற்றிய கதையையும் அயல்நாட்டுப் பெண்ணைப் பற்றிய கதையையும் ஐயமின்றி மறுக்க இன்று முடிவது இத்தகைய உழைப்பின் பயனே.

முடிவாக நோக்குமிடத்து, காப்புணர்வு மிக்க பாடலாசிரியரைப் பற்றிய ஆராய்ச்சியில் வாழ்க்கைச் செய்திகளுக்குரிய இடம் யாது என்பது தெளிவாகின்றது. பாடல் பிறந்த நாளையும் பாடப்பட்ட சூழலையும் அறிதல் தவறான கதைகளை விலக்குவதற்கு இன்றியமையாதது. ஆனால் அவ்வறிவு பாட்டின் பொருளைத் தானே தந்துவிடாது. 1934 மே மாதத்திற் கொழும்பு றீகல் அரங்கில் தாகூரின் ‘சாபமோசன்’ மேடையேறியபோது, அதனைக் கண்டோருட் பெரும்பாலோர் வங்காள மொழியையோ கவிஞரின் அகவாழ்வையோ அறிந்தவரல்லர். இசையும் ஆடலுமே அவர்களை ஆட்கொண்டன. சிங்களக் கலைஞர் பலரைச் சாந்திநிகேதனம் நோக்கி ஈர்த்த தூண்டுதல்களுள் அந்நிகழ்ச்சியும் ஒன்றாயிற்று. வாழ்க்கைக் குறிப்பு எதுவுமின்றியும் பாட்டு தன் பணியைச் செய்யவல்லது என்பதற்கு இதுவே தக்க சான்று.

அதேவேளை, தாகூரின் மௌனத்தை முழுமையாக மதித்துவிடவும் வரலாற்றாசிரியரால் இயலாது. அவர் தம் துயரத்தைக் காக்கும் உரிமையுடையவர். ஆனால் அம்மௌனத்தினுள்ளே காதம்பரி தேவியின் வாழ்வும் மரணமும் சேர்ந்தே மறைந்துள்ளன. அவருக்கு அவ்வுரிமையைப் பற்றி எவரும் கேட்டிலர். அவரைத் தேடிச் செல்வோர் பாடல்களில் அவர் முகத்தைக் காண முயல்வதிலும், அவருக்குரிய வரலாற்றை அவருக்காகவே தேடுதல் மேலாகும். பாடல்களைப் பாடல்களாகவும் மனிதரை மனிதராகவும் ஆராயும்போதே இரண்டுக்கும் நீதி செய்தல் கூடும்.